கராஜில் இருந்த கீரி

அதன் மணத்தை எழுத்தில் கொண்டுவர முடியுமா என்று தெரியவில்லை. ஈரத் துணியைப் பிழியாமல் ஒரு வாரம் வாளிக்குள் விட்டு, அதற்குமேல் பழைய எண்ணெயைக் கொஞ்சம் ஊற்றி, மூடியைப் போட்டு வெயிலில் வைத்துத் திறந்தால் ஏறத்தாழ அந்த மணம் வரும். முகத்தில் அடிக்கிற மணம் அல்ல. தொண்டைக்குள் மெதுவாக இறங்கி அங்கேயே தங்கிவிடும். சோறு விழுங்கும்போதுதான் அது இன்னும் அங்கே இருப்பது தெரியும்.

ஃபெரட் என்பது அதன் பெயர். எங்களுக்கு அது கீரி. நீண்ட உடம்பு, குட்டைக் கால்கள், கண்களைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பட்டை. அப்போது நியூசிலாந்தில் அதை வீடுகளில் வளர்க்கலாம். ஒக்லாந்தின் பென்ரோஸ் பகுதியில் என் கணவர் வேலை செய்த களஞ்சியத்தில் ஒரு வெள்ளைக்காரர் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். கொண்டுபோக முடியாத பொருட்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். ஒருவருக்குப் புல்வெட்டும் இயந்திரம் கிடைத்தது. இன்னொருவருக்கு மீன்பிடிக் கம்பு. என் கணவர் ஒரு யூலை மாத மாலையில், மழையில் நனைந்தபடி, கம்பிக் கூட்டோடு வாசலில் நின்றார்.

"என்ன இது?"

"கீரி மாதிரி ஒண்டு. பெட்டை. கடியாதாம்."

"ஏன் இஞ்ச கொண்டு வந்தனீங்கள்?"

"பிள்ளைக்கு" என்றார். நான் கதவை அகலத் திறந்துவிட்டேன்.

பிள்ளைக்கு அப்போது ஐந்தரை வயது. பள்ளிக்கூடம் தொடங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஐந்து மாதமும் அவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை. வீட்டில் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளுவாள். வகுப்பில் கேட்டால் தலையசைப்பாள். கழிவறைக்குப் போகவேண்டும் என்றுகூடச் சொல்லாமல் இரண்டு முறை உடுப்பை நனைத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, யாராவது நிபுணரிடம் காட்டலாமா என்று மென்மையாகக் கேட்டார். அன்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நான் என்ன பிழை விட்டேன் என்று கணக்குப் பார்த்தேன். தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசியதா? கர்ப்பமாக இருந்தபோது நாட்டைவிட்டு ஓடி வந்ததா? மற்றப் பிள்ளைகளோடு விளையாட விடாததா?

கீரி வந்து இரண்டாம் வாரம் ரீச்சர் மறுபடியும் கூப்பிட்டார். நிபுணரைப் பற்றித்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன். காலையில் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் செய்தியைச் சொல்லும் நேரத்தில், என் மகள் எழுந்து நின்று, எங்கள் வீட்டில் ஒரு ஃபெரட் இருக்கிறது, அது பக்கவாட்டில் குதிக்கும், அப்பாவின் காலுறையைத் திருடும் என்று முழு வகுப்புக்கும் சொன்னாளாம். ரீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். வீட்டுக்கு வந்து அந்தக் கூட்டைப் பார்த்தேன். இனி இதை வெளியே அனுப்ப முடியாது என்று விளங்கியது. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அவளுக்குச் சொல்ல ஒரு கீரிக் கதை இருந்தது. வேறு எதைப் பற்றியும் வகுப்பில் அவள் பேசவில்லை.

ஆகவே நான் அதைப் பார்த்துக்கொண்டேன். விரும்பிப் பார்த்துக்கொண்டேன் என்று சொன்னால் அது பொய். கூட்டின் மூலையில் சுவரோடு ஒட்டிப் பின்பக்கத்தை உயர்த்தி அது இருக்கும். அந்த மலத்தைச் சுரண்டி எடுக்க ஒரு பழைய தோசைக் கரண்டியை ஒதுக்கிவைத்தேன். பிறகு நல்ல தோசைக் கரண்டியைப் பார்த்தாலும் குமட்டியது. அதையும் எறிந்துவிட்டேன். கீரியின் உரோமத்தைத் தொட்டால் விரலில் ஒரு பிசுக்கு ஒட்டும். சவர்க்காரம் போட்டு இரண்டு முறை கழுவினாலும் மூன்றாவது முறை மோந்து பார்க்கத் தோன்றும். மோந்து பார்ப்பேன். இருக்கும்.

செப்டெம்பர் நடுவில், அங்கே வசந்தம் தொடங்கும் காலத்தில், ஒருநாள் கூட்டைக் கழுவும்போது அதன் வாலுக்குக் கீழே ஒரு வீக்கத்தைக் கண்டேன்.

அதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது. சொல்லாமல் விட்டதால்தான் இவ்வளவும் நடந்தது என்பதால் சொல்கிறேன். அது உழுந்து வடைபோல இருந்தது. ஒரு சின்ன, சிவந்த, ஈரமான வடை. நடுவில் குழி. அதிலிருந்து ஏதோ கசிந்து உரோமத்தில் காய்ந்திருந்தது. முதலில் ஏதோ குடல் வெளியே வந்துவிட்டது என்று பயந்தேன். பிறகு என்னவென்று விளங்கியது. விளங்கியதும் துணியைப் போட்டுக் கூட்டை மூடிவிட்டேன். யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

நான் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். எலியின் இனப்பெருக்கத் தொகுதியைப் பென்சிலால் வரைந்து, கோடு இழுத்துப் பாகங்களைக் குறித்து, புள்ளி வாங்கியவள். அந்தப் படிப்பு அன்று எங்கே போனது என்று பல முறை யோசித்திருக்கிறேன். ஒருவேளை படத்தில் மணம் இல்லாததால் இருக்கலாம். அன்று என் தலைக்குள் வந்தது உயிரியல் அல்ல, எங்கள் வீட்டுப் பெண்களின் கதை. இது பெரிசாகிவிட்டது. இனி மாதாமாதம் வரும், மூன்று நாள், ஐந்து நாள், பிறகு தானாகப் போய்விடும். இதில் பார்க்கவோ கேட்கவோ என்ன இருக்கிறது?

கணவருக்குச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? "கூடுதலா மணக்குது" என்று மட்டும் சொன்னேன்.

"வசந்தம் வந்தா கொஞ்சம் மணக்கும் எண்டு இதைத் தந்தவன் சொன்னவன்" என்றார் அவர், பத்திரிகையிலிருந்து தலை எடுக்காமல்.

கூடு இருந்தது சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில். அதற்கு நேர் எதிரே இருந்த சுவர் அலுமாரிதான் எங்கள் சாமியறை. நவராத்திரி தொடங்க இரண்டு நாள் இருந்தது. துடக்கு, தீட்டு என்பதை நான் ஒக்லாந்திலும் விட்டவள் அல்ல. என்னுடைய நாட்களில் அந்த அலுமாரிக் கதவைத் திறக்க மாட்டேன். அவர்தான் விளக்கு ஏற்றுவார். கட்டிலில் படுக்காமல் தரையில் பாய் போட்டுப் படுப்பேன். எனக்கே இப்படி என்றால், கசிந்துகொண்டு நிற்கிற ஒரு மிருகத்தைக் கொலுவுக்கு எதிரே எப்படி வைப்பது? கூட்டைத் தூக்கிக்கொண்டுபோய்க் கார் விடும் கராஜில் வைத்தேன். வீட்டோடு ஒட்டாத கராஜ். சீமெந்துத் தரை, கதவுக்குக் கீழே விரல் நுழையும் இடைவெளி, அதனூடாக மழைத் தண்ணீர் வரும்.

மகள் பின்னாலேயே வந்தாள்.

"வை இஸ் ஷீ கோயிங் டு த கராஜ், அம்மா?"

"அதுக்குச் சுகமில்லை குஞ்சு. ரெண்டு மூண்டு நாளில சரியாகும். பிறகு உள்ள கொண்டு வருவம்."

என்னுடைய நாட்களில் நான் ஏன் பாயில் படுக்கிறேன் என்று கேட்டபோதும் இதே வசனத்தைத்தான் சொல்லியிருந்தேன். அவள் அதைக் கவனித்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

மூன்று நாள் போயிற்று. ஒரு வாரம் போயிற்று. காலையில் மகளைப் பள்ளிக்கு விட்டுவிட்டு வந்து, மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, குனிந்து பார்ப்பேன். வீக்கம் குறையவில்லை. கூடியிருந்தது. நாளைக்கு முடியும் என்று நினைத்துக்கொண்டு குளிக்கப் போவேன். நவராத்திரி முடிந்தது. அதோடு கௌரி விரதம் தொடங்கியது. இருபத்தொரு நாள், ஒருநேரச் சாப்பாடு. வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை. கீரிக்கும் பூனை பிஸ்கற்தான். பக்கெற்றைக் கராஜிலேயே வைத்துவிட்டேன். அது முடியத் தீபாவளி, அது முடியக் கந்தசஷ்டி. ஒரு விரதம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கிடையில் கூட்டை உள்ளே கொண்டுவர ஒரு சுத்தமான நாளைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு நாள் வரவேயில்லை.

இடையில் முடி உதிரத் தொடங்கியது. முதலில் வால் நுனியில். ஒரு கொப்பியை எடுத்து எழுதினேன். படித்த பழக்கம் அந்த ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. ஞாயிறு: வாலில் பாதி இல்லை. புதன்: வால் முழுதும் இல்லை, தோல் எலி வால்போல. வெள்ளி: இரண்டு விலாவிலும் ஒரே அளவில் வெறுமை. சாப்பாடு பாதி. நித்திரை கூடுதல். மனுகாவ் நூலகத்தில் செல்லப்பிராணிகள் பற்றி ஒரு புத்தகம் எடுத்தேன். நாயும் முயலும் பக்கம் பக்கமாக இருந்தன. ஃபெரட்டுக்கு ஒன்றரைப் பக்கம். அதில் முடி உதிர்தல் என்று தேடினால் உண்ணி, பருவ மாற்றம், உணவுக் குறை. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நாள் நம்பினேன்.

மிருக வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுத்தேன். நேர்ஸ் ஒருத்தி பேசினாள். கொப்பியைப் பார்த்து வாசித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"வேறு ஏதாவது மாற்றம் கண்டீர்களா?"

கொப்பியில் அது இல்லை. அதை நான் எழுதவேயில்லை. அந்த உறுப்புக்கு ஆங்கிலச் சொல் எனக்குத் தெரியும். பாடப்புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் சமையலறையில் நின்றுகொண்டு, ஒரு கையில் அகப்பையோடு, முன்பின் தெரியாத பெண்ணிடம் அந்தச் சொல்லை வாயால் எப்படிச் சொல்வது?

"இல்லை" என்றேன்.

அப்படியென்றால் உண்ணியாக இருக்கலாம், ஒரு பவுடர் தருகிறோம், இரண்டு வாரம் போட்டுப் பாருங்கள் என்றாள். எனக்கு எவ்வளவு ஆறுதல்! பவுடரை வாங்கி, கையுறை போட்டு, ஒருநாளும் தவறாமல் தூவினேன். அது தும்மியது. கூட்டுக்கு அடியில் பவுடரும் மூத்திரமும் சேர்ந்து களியாகியது. அதைச் சுரண்டும்போது ஒருநாள் வாந்தி எடுத்தேன். விரத வயிற்றில் வெறும் தண்ணீர்தான் வந்தது.

அந்த நாட்களில் மகள் பள்ளியிலிருந்து வந்ததும் மழைக்கோட்டையும் இறப்பர் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு கராஜுக்குப் போவாள். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்து, வகுப்புப் புத்தகத்தைக் கீரிக்கு உரத்து வாசிப்பாள். "உள்ள வா, குளிர்" என்று நான் சமையலறை யன்னலால் கத்துவேன். அவளுக்குச் சளி பிடிக்குமே என்று எனக்குப் பயம். கீரிக்கும் குளிருமே என்று அப்போது ஏன் தோன்றவில்லை?

தீபாவளிக்கு முதல் வாரம் அது பின்னங்கால்களை இழுக்கத் தொடங்கியது. நிற்கும், இரண்டு அடி வைக்கும், பின்பக்கம் சரியும். மலம் தார்போலக் கறுப்பாக, ஒட்டிக்கொண்டு வந்தது. கொப்பியில் எழுதினேன். வீக்கத்தை அப்போதும் எழுதவில்லை.

தீபாவளியன்று சனிக்கிழமை. காலையிலேயே பக்கத்து வீட்டு அக்கா ஒரு தட்டோடு வந்தார். தமிழ்நாட்டுக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆஸ்பத்திரியில் நேர்ஸ். தட்டில் முறுக்கும் வடையும் இருந்தன. வடையைப் பார்த்ததும் என் முகம் எப்படி மாறியதோ தெரியாது.

"என்னங்க, வடை புடிக்காதா?"

"இல்லையக்கா, விரதம்."

மகள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "ஆன்ட்டி, கம் அண்ட் ஸீ மை கீரி. ஷீ இஸ் சிக்."

"கீரியா? பாம்பே இல்லாத ஊர்ல கீரி வளக்குறீங்களா? நல்லா இருக்கே!" என்று சிரித்துக்கொண்டே போனவரின் சிரிப்புக் கராஜ் வாசலில் நின்றுவிட்டது. மூக்கைப் பொத்தவில்லை அவர். பட்டுச் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு சீமெந்தில் குந்தினார். கூட்டைத் திறந்து, அதைக் கழுத்துப் பிடரியில் பிடித்துத் தூக்கி, மேலுதட்டைப் பெருவிரலால் விலக்கினார்.

"இங்க வாங்க. பாருங்க. ஈறு எப்படி இருக்குன்னு பாருங்க."

வெள்ளைக் கடதாசிபோல இருந்தது.

"ரத்தமே இல்லங்க இதுக்கு." புரட்டிப் பார்த்தார். முடி இல்லாத வயிற்றில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். பிறகு வாலைத் தூக்கினார். நான் வேறு பக்கம் பார்த்தேன். "ஐயையோ. இது எத்தன நாளா இப்படி இருக்கு?"

"கொஞ்ச நாளா."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"முடி கொட்டுறதைச் சொன்னன்."

"முடிய விடுங்க. இதச் சொன்னீங்களா?"

"இல்லை."

"ஏன்?"

"எப்பிடியக்கா சொல்றது?"

"எப்படிச் சொல்றதா? வாயாலதான். நான் ஒரு நாளைக்கு இருபது பேர்கிட்ட இதெல்லாம் கேக்குறேன். ஒருத்தரும் செத்துப் போகல. சொல்லாதவங்கதான் சாகுறாங்க." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது. "இது இன்னிக்கே பாக்கணும். சனிக்கிழமை, மத்தியானம் மூடிடுவான். வீட்டுக்காரரக் கூப்பிடுங்க."

மகள் வாளிக்குப் பக்கத்தில் நின்றாள். "இஸ் ஷீ கோயிங் டு டை?" என்று கேட்டாள். அக்கா என்னைப் பார்த்தார். நான் கணவரைக் கூப்பிட்டபடி காரின் திறப்பைத் தேடப் போனேன்.

வைத்தியர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். முன்கைகளில் பழைய கீறல்கள். மேசையில் ஒரு துவாயை விரித்து அதில் கீரியை வைத்தார். நான் கொப்பியைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். வால் நுனி என்று தொடங்குவதற்குள் அவர் வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டார்.

"இது எத்தனை நாளாக இப்படி இருக்கிறது?"

என் வாயிலிருந்து வந்த பதிலுக்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். "மூன்று நான்கு நாள்" என்றேன்.

"நோ, அம்மா" என்றாள் மகள்.

மேசையின் விளிம்பு அவள் மூக்கு உயரத்தில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, வைத்தியரைப் பார்த்து, தெளிவான ஆங்கிலத்தில், நிறுத்தாமல் சொன்னாள். பள்ளி விடுமுறைக்கு முன்னாலிருந்து இப்படித்தான் இருக்கிறது. அம்மாவுக்கும் இது வரும். வந்தால் அம்மா தரையில் படுப்பார், சாமியிடம் போகமாட்டார். ஆனால் அம்மாவுக்குச் சில நாளில் போய்விடும். கீரிக்குப் போகவில்லை. அதனால் அது கராஜில் இருக்கிறது. அது கிளீன் இல்லை. ராத்திரியில் அதற்குக் குளிரும். நான் என் சுவெற்றரைப் போட்டேன், அம்மா அதை எடுத்துத் தோய்த்துவிட்டார்.

ஓர் அந்நியருக்கு முன்னால் அவள் இவ்வளவு நீளமாகப் பேசியதை நான் அதுவரை கேட்டதில்லை. எத்தனை மாதம் இதற்காக நேர்ந்திருந்தேன்! தரை பிளந்து என்னை விழுங்கினால் போதும் என்று நின்றேன்.

வைத்தியர் சிரிக்கவில்லை. மகளைப் பார்த்து, "நன்றி, இதுதான் எனக்குத் தெரியவேண்டியிருந்தது" என்றார். பிறகு எனக்கு விளக்கினார். பெண் ஃபெரட்டுக்குப் பருவம் வந்தால் அது தானாக முடியாது. ஆண் ஒன்றோடு சேரும்வரை, அல்லது வசந்தமும் கோடையும் கழியும்வரை, அப்படியே நிற்கும். அவ்வளவு காலமும் உடம்பில் ஊறுகிற ஓமோன் எலும்புக்குள் இரத்தம் உண்டாவதை நிறுத்திவிடும். முடி போவது, கால் இழுப்பது, கறுத்த மலம், எல்லாம் அந்த ஒன்றின் வேலைதான். உண்ணியும் இல்லை, சாப்பாட்டுக் குறையும் இல்லை. நான் பக்கம் பக்கமாக எழுதிய புதிருக்கு விடை, நான் எழுதாமல் விட்ட ஒரு வரியில் இருந்தது.

காத்திருந்தால் முடிந்துவிடும் என்று நான் காத்திருந்தேன். ஒவ்வொரு நாள் காத்திருப்பும் அதைக் கொன்றுகொண்டிருந்தது.

ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தார். தண்ணீர் கலந்த நன்னாரிபோல இருந்தது. பருவத்தை நிறுத்த ஓர் ஊசி போட்டார். கருப்பையையும் சூலகத்தையும் எடுக்க இப்போது சத்திரசிகிச்சை செய்தால் இரத்தம் உறையாமல் செத்துவிடும். ஊசி வேலை செய்து, எலும்பு மறுபடியும் இரத்தம் உண்டாக்கினால் தப்பும். இல்லாவிட்டால் இல்லை. ஒரு வாரத்தில் தெரியும். "சூடான இடத்தில் வையுங்கள். ஈரலை மசித்து நாளுக்கு நாலு தடவை ஊட்டுங்கள். தானாகச் சாப்பிடாது, விரலால் வாய்க்குள் வைக்கவேண்டும். ஒவ்வொரு நாளும் ஈறின் நிறத்தைப் பாருங்கள்."

கணவர் காரிலேயே இருந்தார். அந்த மணம் தனக்கு ஒத்துவராது என்று உள்ளே வரவில்லை. வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் தடவையாக, சொற்களை விழுங்காமல். அவர் சிவப்பு விளக்கில் நின்றபோது தொண்டையைச் செருமினார்.

"அவன் சொன்னவன்."

"ஆர்?"

"இதைத் தந்தவன். செப்டெம்பரில ஒரு ஆம்பிளையிட்டக் கொண்டுபோம், இல்லாட்டிச் செத்துப்போகும் எண்டு."

"நீங்கள் ஏன் என்னட்டச் சொல்லேல்லை?"

"அங்க நிண்ட எல்லாரும் சிரிச்சாங்கள். ஊத்தைப் பகிடி எண்டு நினைச்சன். உம்மட்ட வந்து எப்பிடி அதைச் சொல்றது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரைக் கிள்ளவேண்டும் போலவும் வந்தது. ஒரே வீட்டில், ஒரே மிருகத்தின் ஒரே உறுப்பைப் பற்றி, அவரும் மறைத்து, நானும் மறைத்து! பின்னிருக்கையில் மகள் மடியில் இருந்த பெட்டிக்குள் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

கூட்டை எங்கே வைப்பது? வீட்டில் சூடு போடும் ஒரே இடம் சாப்பாட்டு மேசைக்குப் பக்கம்தான். சாமி அலுமாரிக்கு எதிரே. நான் யோசித்துக்கொண்டு நிற்க, கணவர் கூட்டைக் கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஹீற்றரைக் கூட்டுப் பக்கம் திருப்பிவிட்டேன்.

அன்று மாலை எங்கள் ஆட்கள் பூசை வைக்கும் வாடகை மண்டபத்தில் கௌரிக் காப்பு கட்டினார்கள். இருபத்தொரு நாள் இருந்ததற்கு இடது மணிக்கட்டில் ஒரு சிவப்பு நூல். அடுத்த நாள் கந்தசஷ்டி தொடங்கியது. ஆறு நாள், பாலும் பழமும். அந்த ஆறு நாளும் நான் ஈரல் மசித்தேன்.

என் வாழ்க்கையில் அதைவிட அருவருப்பான வேலை செய்ததில்லை. பிள்ளையின் குழந்தைப் பருவச் சாப்பாட்டுக் கிண்ணத்தை எடுத்தேன். ஈரலை அரைவேக்காடாக அவித்து முள்ளுக்கரண்டியால் நசிப்பேன். அது மணலும் சேறும் போல நசியும். நடுவில் வேகாத இடத்திலிருந்து இரத்தம் கசியும். யன்னலைத் திறந்து நாலு மூச்சு வெளியே விட்டுவிட்டுத் திரும்பி வருவேன். கீரியை ஒரு துணியில் சுற்றி மடியில் வைத்து, ஈரலை விரல் நுனியில் எடுத்து, அந்தச் சின்னக் கூர்ப்பற்களுக்குப் பின்னால், நாக்கின்மேல் தேய்ப்பேன். துப்பும். கன்னத்தில் தெறிக்கும். மறுபடியும் தேய்ப்பேன். நகக்கண்ணுக்குள் ஈரல் போய்க் காய்ந்துவிடும். காப்பு நூல் இரண்டாம் நாளே மண்ணிறமாகிவிட்டது. கழற்றி வைத்துவிட்டுச் செய்யலாமா? கழற்றினால் விரதம் போய்விடுமா? கழற்றாமல் செய்தால் பாவமா? யாரிடம் கேட்பது? ஊரில் அம்மாவுக்கு எழுதிக் கேட்டால் பதில் வர ஒன்றரை மாதம். அம்மா என்ன சொல்வார் என்பதும் எனக்குத் தெரியும். நூலைக் கழற்றவில்லை.

காலையில் மகள் எழுந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "வாட் கலர்?" நான் மேலுதட்டை விலக்குவேன். வழுவழுவென்று எச்சிலில் விரல் வழுக்கும். இருவரும் குனிந்து பார்ப்போம். முதல் நாள் வெள்ளை. இரண்டாம் நாளும் வெள்ளை. மூன்றாம் நாள் அவள் பள்ளியில் காலைச் செய்தி சொல்லவில்லை என்று ரீச்சர் பள்ளிக் கேற்றடியில் சொன்னார். கேட்டதற்குத் தலையை மட்டும் அசைத்தாளாம். மறுபடியும் தலையசைப்பு. அன்று மத்தியானம் கீரி ஒரு வாயும் விழுங்கவில்லை. நான் தரையில் இருந்தபடியே அதை ஏசினேன். "நாறல் பிடிச்ச சனியன், தின்" என்று வாய்விட்டு ஏசினேன். முருகனுக்கு முன்னால், சஷ்டி விரதத்தில். பிறகு அழுதேன். அழுதுகொண்டே விரலை மறுபடியும் வாய்க்குள் வைத்தேன்.

நாலாம் நாள் வீக்கம் சுருங்கியிருந்தது. இந்த முறை நான் வேறு பக்கம் பார்க்கவில்லை. வாலைத் தூக்கி, உற்றுப் பார்த்து, கொப்பியில் எழுதினேன். அந்தச் சொல்லை முழுதாக, ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி, பக்கத்தில் "பாதியாகக் குறைந்துள்ளது" என்று எழுதினேன். பக்கத்து வீட்டு அக்கா வந்து வாசித்துவிட்டு, "பரவால்லயே, தேறிட்டீங்க" என்றார்.

ஐந்தாம் நாள் அது என் விரலைக் கடித்தது. நகத்துக்குக் கீழே, ஆழமாக. வலியில் கத்திவிட்டேன். கடிக்கப் பலம் வந்திருக்கிறது என்று பிறகுதான் உறைத்தது.

ஆறாம் நாள் சூரன்போர், விரதத்தின் கடைசி நாள். காலையில் மகள் நித்திரைக் கண்ணோடு வந்து மேசைக்கடியில் குந்தினாள். "வாட் கலர்?"

விலக்கினேன். யன்னலடிக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தேன். பல்லுக்கு மேலே, ஓரத்தில், மிக மெல்லிய ஒரு நிறம்.

"பிங்க்" என்றாள் அவள்.

"பொறு. வடிவாப் பாப்பம்."

"அம்மா, இற்ஸ் பிங்க்!"

ஆம். பிங்க்தான். அவள் சப்பாத்தையும் பையையும் தானாக எடுத்தாள். கீரியை மடியில் வைத்துக்கொண்டிருந்த என்னை, நேரமாகிவிட்டது எழும்புங்கோ என்று அவசரப்படுத்தினாள். வகுப்பில் சொல்ல இன்று அவளிடம் செய்தி இருந்தது.

இரண்டு மாதம் கழித்து அதற்குச் சத்திரசிகிச்சை நடந்தது. பிறகு மூன்று வருடம் இருந்தது. அதன் மணம் பாதியாகக் குறைந்தது, முற்றாகப் போகவில்லை. எனக்கு அதைப் பிடிக்கவுமில்லை. அது சோபாவில் ஏறினால் இறக்கிவிடுவேன். ஆனால் கராஜுக்கு அனுப்பவில்லை.

அந்தச் சூரன்போர் நாளில் பள்ளியிலிருந்து திரும்பி வந்து கை கழுவினேன். மூன்று தடவை. மோந்து பார்த்தேன். ஈரல், பிசுக்கு, எச்சில், எல்லாம் இருந்தது. நாலாம் தடவை கழுவத் தண்ணீரைத் திறந்து, மூடிவிட்டேன். விளக்குக்கு நேரமாகியிருந்தது. கூட்டைத் தாண்டிப் போய், அலுமாரியைத் திறந்து, அந்தக் கையாலேயே திரியைத் தூண்டி ஏற்றினேன். அது வழக்கம்போல எரிந்தது.